சோயாவும் வயிற்று உப்புசமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வாசகி, அம்மாபேட்டை: சோயா பீன்ஸ் குழம்பு வைத்தாலே வயிறு உப்பிக்கொள்கிறது. எனக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

உங்களுக்கு மட்டும் அல்ல. சோயாவில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று இரண்டு சர்க்கரைகள் உண்டு. காய்ந்த சோயா 100 கிராமில் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 5 கிராம் இருக்கும். இவற்றை உடைக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் யாருக்கும் சுரப்பதில்லை. செரிக்காமல் பெருங்குடலுக்கு வந்து சேர்பவற்றை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கின்றன. அதில் பிறக்கும் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும்தான் உங்கள் உப்புசம். அதே நொதித்தலில் குடற்சுவரின் செல்களுக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களும் உருவாகின்றன. அதனால் சோயாவை அடியோடு விட்டுவிடாதீர்கள்.

இரண்டு சர்க்கரைகளும் நீரில் கரைபவை. இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். சத்து போய்விடுமே என்று ஊறிய நீரிலேயே வேகவைப்பவர்கள் பலர். கொஞ்சம் வைட்டமின் போனாலும் பரவாயில்லை, கொட்டுவதே நல்லது. முளைகட்டினால் இன்னும் குறையும், ஏனெனில் முளை இந்தச் சர்க்கரைகளையே எரித்து வளர்கிறது. முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டி போதும். உதடு வீங்குவதோ உடல் அரிப்பதோ இருந்தால் அது ஒவ்வாமை. சோயாவை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வாசகர், ஏற்காடு: எவ்வளவு நேரம் கொதித்தாலும் சோயா வேகவே மாட்டேன் என்கிறது.

மலைதான் காரணம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தை விட்டுவிட்டுக் குக்கரில் வையுங்கள், சேலத்தில் வைப்பதைவிட ஓரிரு விசில் கூடுதலாக. அரைவேக்காட்டோடு இறக்கவே கூடாது: புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்கள் நல்ல வேக்காட்டில்தான் செயலிழக்கும். நன்றாக வெந்தால் நார்ச்சத்து போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

வாசகி, ஆத்தூர்: வீட்டில் எல்லோருக்கும் ஜவ்வரிசி உப்புமா பிடிக்கும். அதில் நார்ச்சத்து உண்டா?

மிகக் குறைவு. மரவள்ளிக் கிழங்கின் நார் ஆலையிலேயே திப்பியாகப் பிரிந்து பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடுகிறது. நம் தட்டுக்கு வருவது மாவுச்சத்து. சோயா இதற்கு நேர் எதிர்: மாவுச்சத்து மிகச் சொற்பம், நார்ச்சத்து ஏராளம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்புமாவில் ஒரு பிடி வெந்த சோயாவும் பீன்ஸ், கேரட்டும் சேருங்கள்.

வாசகர், சூரமங்கலம்: மீல் மேக்கரிலும் வாயு உண்டா?

உண்டு. எண்ணெய் நீக்கிய சோயா மாவில் செய்வது அது. எண்ணெயோடு இந்தச் சர்க்கரைகள் போவதில்லை. வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை நன்றாகப் பிழிந்துவிட்டுச் சமையுங்கள். உங்கள் மனைவி தைராய்டு மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சோயா அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். மாத்திரைக்கும் சோயாவுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடச் சொல்லுங்கள். சோயா சாப்பிடும் வழக்கத்தை மருத்துவரிடமும் தெரிவிக்கட்டும்.