உங்கள் கதாபாத்திரங்களை நீங்களே வரைய: ஒவ்வொரு முறையும் முகம் மாறாமல் இருக்க என்ன வழி?

கேள்வி: நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து முக்கியப் பாத்திரங்கள். அவர்களை நானே வரைந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. ஓவியம் முறையாகக் கற்றதில்லை. ஒரு முகம் ஓரளவு நன்றாக வந்துவிடுகிறது. ஆனால் அதே ஆளை மறுபடி வரைந்தால் வேறு யாரோ ஆகிவிடுகிறார். ஐந்து பேரும் கூடப் பிறந்தவர்கள் போலவும் இருக்கிறார்கள். தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கும். எதில் தொடங்குவது?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான். எழுத்தில் ஓர் ஆளை அடையாளம் காட்டுவது விவரங்கள்: சுருட்டை முடி, கன்னத்துத் தழும்பு, பெரிய கண்கள். படத்தில் ஆளை அடையாளம் காட்டுவது இடைவெளிகள். புருவத்துக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே எவ்வளவு, தாடை நெற்றியைவிட எவ்வளவு குறுகல் என்பவைதாம். இவற்றை முடிவு செய்யாமல் வரையும்போது, கை தனக்குப் பழகிய ஒரே முகத்தைப் போடுகிறது. அதையும் முறைக்கு முறை சற்றே மாற்றிப் போடுகிறது. ஆகவே நிழல் தீட்டுவதையும் கண்ணிமை வரைவதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் வேலை அளவுகளை நிர்ணயிப்பது.

அதற்குச் சராசரி முகத்தின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் கண்கள் வரும். புதிதாக வரைபவர்களில் பெரும்பாலோர் கண்களை மேலே ஏற்றிவிடுவார்கள். நெற்றியில் பார்க்க ஒன்றும் இல்லாததால் கை அதற்குரிய இடத்தைக் கொடுப்பதில்லை, மண்டை தட்டையாகிவிடும். தாளில் 12 செ.மீ. உயரத்துக்கு ஒரு தலை வரைவதாக வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து 1.5 செ.மீ. இறங்கினால் முடி தொடங்கும் கோடு. மீதமுள்ள 10.5 செ.மீ. மூன்று சம பங்காகும்: 5-இல் புருவம், 8.5-இல் மூக்கின் அடி, 12-இல் மோவாய். கண்கள் 6-இல். உதடுகள் சேரும் கோடு மூக்கடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே, அதாவது ஏறக்குறைய 9.7-இல். காது, புருவத்தின் மட்டத்துக்கும் மூக்கடியின் மட்டத்துக்கும் இடையில். முகத்தின் அகலம் 8 செ.மீ.; அதில் ஐந்து கண்கள் அடங்கும், ஆக ஒரு கண் 1.6 செ.மீ. இரு கண்களுக்கு நடுவே இன்னொரு கண்ணுக்கு இடம் இருக்க வேண்டும்.

இந்தச் சராசரி முகம் யாருடையதும் அல்ல. இதிலிருந்து உங்கள் பாத்திரம் எங்கெங்கே விலகுகிறார் என்பதில்தான் அவர் இருக்கிறார். ஒருவருக்கு மூன்று விலகல் போதும்; அதற்கு மேல் போனால் கேலிச்சித்திரத்தின் பக்கம் சாயும்.

எடுத்துக்காட்டாக, அறுபது வயதைத் தாண்டிய ஒரு தையற்காரர். நீண்ட மூக்கு: மூக்கடியை 8.5-இலிருந்து 9-க்கு இறக்குங்கள். இதனால் முகத்தின் கீழ்ப்பங்கு 3 செ.மீ. ஆகச் சுருங்கும். பல் விழுந்தவர்களுக்குத் தாடை மேலேறிக் கீழ்முகம் குறுகுவது இயல்பு என்பதால் அது அவருக்குப் பொருந்தும். இரண்டாவது, மேலுதட்டுக்கு மேலுள்ள பகுதி நீளம், உதடுகள் மெல்லியவை: வாய்க்கோடு 10.3-இல். மூன்றாவது, கண்கள் நெருக்கம்: நடு இடைவெளி 1.6-க்குப் பதில் 1.3. இந்த மூன்று எண்களையும் படத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். இனி அவரை எந்த அளவில் வரைந்தாலும் இதே விகிதம். அவருடைய மகளை வரைய, கண்களின் நெருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மாற்றினால் போதும். சாயல் வரும், ஆள் வேறாக இருப்பாள்.

ஐந்து பேருக்கும் எண்கள் முடிவானதும் ஒரு சோதனை. ஐவரையும் ஒரே உயரத்தில், நேர்முகமாக, மொட்டைத் தலையோடு, தாடி மீசை கண்ணாடி எதுவும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். பெயர் எழுதாமல் இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். யார் யார் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் இதுவரை அவர்களைப் பிரித்துக் காட்டியது முடி மட்டும்தான். தலைமுடியை மாற்றிச் சமாளிக்கும் வழியை அனேகர் எடுக்கிறார்கள். முதல் படத்தில் அது செல்லும்; பாத்திரம் தலைப்பாகை கட்டினாலோ மழையில் நனைந்தாலோ பத்து வருடம் மூத்தாலோ கைவிட்டுவிடும்.

தலையைத் திருப்பும்போது

இரண்டாவது படத்தில் ஆள் மாறிவிடுவது பெரும்பாலும் கோணம் மாறும்போதுதான் நடக்கும். இதற்கு மருந்து, ஒரு திருப்புத் தாள். ஏ4 தாளைப் படுக்கவாட்டில் வைத்து, மேற்சொன்ன அளவுகளைப் பாதியாக்கி (தலை 6 செ.மீ.) உச்சி, முடிக்கோடு, புருவம், கண், மூக்கடி, வாய், மோவாய் ஆகிய ஏழு கோடுகளையும் தாளின் இடமிருந்து வலம்வரை மெல்லியதாக இழுங்கள். இந்தக் கோடுகளுக்குள் நேர்முகம், முக்கால் திருப்பம் (நேர்முகத்துக்கும் பக்கவாட்டுக்கும் இடைப்பட்ட கோணம்), பக்கவாட்டு முகம் மூன்றையும் வரையுங்கள். தலை நிமிராமல் குனியாமல் திரும்பும்போது உயரங்கள் மாறுவதில்லை, அகலங்கள்தான் மாறுகின்றன. அதனால் ஒரு கோடு தவறினாலும் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

பக்கவாட்டில் வழக்கமாக வரும் தவறு, பின்மண்டையை வெட்டிவிடுவது. நெற்றியிலிருந்து பின்மண்டை வரையிலான ஆழம், தலையின் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆக 6 செ.மீ. உயரத் தலைக்கு ஏறக்குறைய 6 செ.மீ. சதுரம் தேவை. காது அந்தச் சதுரத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றே பின்னால் உட்காரும். முக்கால் திருப்பத்தில் தொலைவிலுள்ள கண்ணை அருகிலுள்ள கண்ணின் அகலத்துக்கே வரைந்துவிடுகிறோம். முகம் அங்கே பலகைபோல் தட்டையாவது அதனால்தான். முகம் வளைந்து போவதால் தொலைவுக் கண் குறுகும், சில கோணங்களில் மூக்கின் மேற்பகுதி அதன் ஓரத்தை மறைக்கவும் செய்யும். நெற்றி நடுவிலிருந்து மூக்கு வழியாக மோவாய் வரை ஒரு நடுக்கோட்டை முதலில் போட்டுவிட்டு வரைந்தால் இந்தத் தவறு பாதி குறையும்.

நிமிர்ந்தால், குனிந்தால்? அப்போது ஏழு கோடுகளும் உருண்டையைச் சுற்றிய வளையங்களாக வளையும். காதைக் கவனித்தால் போதும்: தலை நிமிரும்போது காது முகத்தோடு ஒப்பிடக் கீழே இறங்கும், குனியும்போது மேலே ஏறும்.

உடம்பு

வளர்ந்தவரின் உயரம் சுமார் ஏழரைத் தலை. கம்பீரமாகக் காட்ட எட்டுத் தலை வைப்பது பழைய வழக்கம். ஒரு வயதுக் குழந்தைக்கு நான்கு தலை, பத்து வயதில் ஏறக்குறைய ஆறரை. சிறுவர்களைச் சின்ன அளவிலான பெரியவர்களாக வரைந்துவிடுவதற்குக் காரணம் இந்தக் கணக்கை மறப்பதுதான். நின்ற உருவத்தின் நடுப்புள்ளி இடுப்பில் இல்லை, கால்கள் பிரியும் இடத்தில் இருக்கிறது. தொங்கவிட்ட கையின் முழங்கை இடையின் மட்டத்தில், மணிக்கட்டு கால் பிரியும் மட்டத்தில். கை எப்போதும் சிறியதாகவே வந்துவிடும். உள்ளங்கையின் அடியை மோவாயில் வைத்தால் விரல் நுனி நெற்றியின் நடுவரை எட்ட வேண்டும். பாதத்தின் நீளம் முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டுவரை.

ஐந்து பேரையும் ஒரே தரைக்கோட்டில் நிறுத்தி வரையுங்கள். இந்தப் படம் எழுத்துக்கும் நேரடியாக உதவும். 180 செ.மீ. உயரமுள்ளவனுக்கு ஒரு தலை 24 செ.மீ.; எதிரே நிற்பவள் 145 செ.மீ. என்றால் அவளுடைய உச்சி அவன் தோளைத்தான் எட்டும். கதையில் அவள் அவன் காதில் ரகசியம் சொல்கிறாள் என்று எழுதியிருந்தால் ஒன்று அவன் குனிய வேண்டும், அல்லது அவளுக்கு ஒரு படிக்கட்டு வேண்டும். யார் இடக்கை, தழும்பு எந்தக் கன்னத்தில், சேலைத் தலைப்பு எந்தத் தோளில் என்பதெல்லாம் அத்தியாயத்துக்கு அத்தியாயம் தடுமாறியிருப்பதும் வரையும்போதுதான் வெளியே வரும்.

பிறகு நிழலுருச் சோதனை: ஒவ்வோர் உருவத்தையும் 3 செ.மீ. உயரத்தில் வரைந்து முழுவதும் கறுப்பாக நிரப்புங்கள். அப்போதும் ஆள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நிற்கும் விதத்தை மாற்றுங்கள். நம் தையற்காரர் வாழ்நாளெல்லாம் குனிந்து தைத்தவர். கழுத்து முன்னே நீண்டு, தோள்கள் முன்பக்கம் வளைந்திருக்கும். இந்த ஒரு வளைவு அவரைக் கூட்டத்தில் காட்டிக் கொடுக்கும். விறைப்பாக நிற்காமல் இருக்க, உடல் எடையை ஒரு காலில் போடுங்கள். எடை தாங்கும் பக்கம் இடுப்பு உயரும், அதே பக்கம் தோள் தாழும்.

அரை மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

முதல் பத்து நிமிடம் வேக வரைவு. நடமாடும் மனிதர்களையோ புகைப்படங்களையோ பார்த்து, 30 விநாடியில் ஓர் உருவமாக எட்டு, பிறகு இரண்டு நிமிடத்தில் ஒன்றாக மூன்று. 30 விநாடியில் முகமோ உடையோ வராது, வரவும் கூடாது. தலையிலிருந்து எடை தாங்கும் பாதம்வரை உடல் போகும் ஒரே வளைவு, தோளின் சாய்வு, இடுப்பின் சாய்வு, அவ்வளவுதான். வெளிவிளிம்பிலிருந்து தொடங்கினால் உருவம் விறைத்துப்போகும்.

அடுத்த பதினைந்து நிமிடம் ஒரே ஓர் உறுப்பு, ஒரு வாரம் முழுக்க. கை, காது, மூக்கு, கழுத்தும் தோளும் சேருமிடம் என்று மாற்றிக்கொண்டே போகலாம். கைக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். உள்ளங்கையை ஒரு பெட்டியாக, விரல்களை மூன்று மூன்று துண்டுகளாக, கட்டை விரலைத் தனி ஆப்பாகப் பாருங்கள். கையை முதுகுக்குப் பின்னாலோ சட்டைப் பையிலோ ஒளிக்கும் பழக்கம் தொற்றிவிட்டால் விடுவது கடினம்.

கடைசி ஐந்து நிமிடம், உங்கள் பாத்திரங்களில் ஒருவரை அவருடைய திருப்புத் தாளைப் பார்க்காமல், நினைவிலிருந்து வரையுங்கள். வரைந்த பின் அந்தத் தாளோடு ஒப்பிட்டு, பிசகிய அளவைச் சிவப்புப் பென்சிலால் குறியுங்கள். பிசகு பெரும்பாலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். அடுத்த வாரத்துப் பயிற்சி எது என்பதை அதுவே சொல்லிவிடும்.

கற்பனையிலிருந்து மட்டும் வரைவது எழுத்தாளர்களுக்கு இயல்பாக வரும் ஆசை. ஆனால் பார்த்து வரையாதவற்றைக் கற்பனையால் வரைய முடியாது. முகபாவத்துக்குக் கண்ணாடி போதும். புன்னகையில் வாயை மட்டும் வளைத்தால் அது கடைக்காரர் சிரிப்பாகத்தான் இருக்கும். உண்மையில் சிரிக்கும்போது கன்னம் மேலேறிக் கீழிமையைத் தள்ளும், கண் குறுகும். பயத்தில் புருவங்கள் உயர்ந்து நெருங்கும், கோபத்தில் தாழ்ந்து நெருங்கும். இரண்டையும் மாற்றி வரைந்து பாருங்கள், வாயைத் தொடாமலே ஆளின் மனநிலை மாறும். கைபேசியின் முன்கேமராவில் கை தூரத்தில் எடுத்த முகத்தை அளவுக்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். அவ்வளவு அருகில் மூக்கு பெருத்து, காது சிறுத்துத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தி ஜூம் செய்து எடுங்கள்.

பிறர் படத்தின் மேல் தாள் வைத்துப் பிரதி எடுப்பது கற்றுக்கொள்ளத் தவறில்லை, எடுத்தவுடன் அதே படத்தைப் பார்த்து மட்டும் ஒரு முறை, பாராமல் ஒரு முறை வரைவீர்கள் என்றால். அப்படி எடுத்ததை உங்கள் படைப்பு என்று வெளியிடக் கூடாது. புகைப்படங்களும் அப்படித்தான்: ஒன்றிலிருந்து நிற்கும் விதம், இன்னொன்றிலிருந்து வெளிச்சம், மூன்றாவதிலிருந்து உடை மடிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எச்.பி., 2பி பென்சில்கள், பிசைந்து உருமாற்றக்கூடிய ரப்பர், பயிற்சிக்குச் சாதாரண 80 ஜி.எஸ்.எம். தாள். தாளைச் சாய்வுப் பலகையில் வைப்பது மட்டும் முக்கியம். மேசையில் படுக்க வைத்தால் தாளின் மேற்பகுதி கண்ணுக்குச் சுருங்கித் தெரியும். அதை ஈடுசெய்யக் கை நீட்டி வரையும். தாளை நிமிர்த்திப் பார்த்தால் தலை பெருத்திருக்கும். கோடு மயிர் மயிராகப் பிய்ந்து வந்தால் பென்சிலைச் சற்று மேலே பிடித்து, விரலால் அல்லாமல் தோளிலிருந்து இழுங்கள். டேப்லெட்டில் வரைகிறவர்கள் படத்தை இடவலமாகப் புரட்டிப் பார்க்கும் வசதியை அடிக்கடி பயன்படுத்துங்கள். சாய்ந்த கண்ணும் கோணிய தாடையும் உடனே தெரியும். தாளில் வரைகிறவர்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி அதே வேலையைச் செய்யும்.

நாவலில் படத்தைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அச்சிடும் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரையுங்கள். 0.3 மி.மீ. பேனாக் கோடு அச்சில் 0.2 ஆகும், அதைவிட மெல்லிய கோடுகள் இடையிடையே விட்டுப்போகக்கூடும். வெறும் கோட்டோவியத்தை 600 டிபிஐ-இலும் (டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு), பென்சில் நிழல் உள்ளதை 300 டிபிஐ-இல் சாம்பல் நிறமாகவும் ஸ்கேன் செய்யுங்கள். நேரடியாகக் கணினியில் வரைவதானால் ஏ5 பக்கத்துக்கு 1748 × 2480 பிக்சலில் தொடங்குங்கள். சிறிதாக வரைந்து பிறகு பெரிதாக்கினால் விளிம்புகள் மங்கிவிடும்.