தாமரை இலைத் தண்ணீரும் நம் வீட்டுக் கண்ணாடியும்

தண்ணீர் ஒட்டாத பூச்சு, தானே சுத்தமாகும் ஜன்னல் என்று கடைகளில் விற்பவற்றைப் பற்றி மொரீஷியஸின் பல ஊர்களிலிருந்தும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பாம்பிளமூஸ்): ஐயா, இங்குள்ள தாவரவியல் தோட்டத்துத் தாமரைக் குளத்தில் மழை விட்டதும் இலைமேல் தண்ணீர் முத்து முத்தாக உருள்வதைப் பார்க்கிறோம். கடையில் புட்டியில் விற்கும் கண்ணாடிப் பூச்சும் அதே வேலையைத்தான் செய்கிறதா?

பதில்: இல்லை. விற்பவர்கள் தாமரைப் படத்தை ஒட்டிவிடுகிறார்கள், அதனால்தான் இந்தக் குழப்பம்.

'தாமரை இலைத் தண்ணீர் போல' என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அதன் காரணத்தைத் தெளிவாக்கியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லோட். 1970களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. வழவழப்பான இலைகளில்தான் அழுக்கு படிந்திருந்தது, சொரசொரப்பான இலைகள் சுத்தமாக இருந்தன. 1997இல் நைன்ஹுயிஸ் என்பவரோடு சேர்ந்து தாமரையைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். இலை முழுக்க ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள மேடுகள். ஒவ்வொரு மேட்டின் மேலும் அதைவிட மிகப் பொடியான மெழுகுக் குழல்கள். துளி அந்த நுனிகளில் மட்டும் உட்காருகிறது, அடியில் காற்று நிற்கிறது. தூசியும் அதே நுனிகளில்தான் தொற்றிக்கொண்டிருப்பதால், உருண்டு வரும் துளி அதையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

தாமரைக்குப் போக வேண்டாம், பிரெட் சோன்ஸ் சமைக்க வாங்கும் சேம்பு இலையே போதும். ஒரு இலையை எடுத்துத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், அடியில் சிக்கிய காற்றால் வெள்ளித் தகடு மாதிரி மின்னும். அப்புறம் இலையின் ஒரு மூலையைக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டு, அங்கே ஒரு சொட்டு விடுங்கள். துளி உருளாது, அங்கேயே ஒட்டிக்கொள்ளும். தேய்த்ததில் மெழுகு நசுங்கிவிட்டது.

கண்ணாடியின் கஷ்டம் முழுவதும் அந்தக் கட்டைவிரலில்தான் இருக்கிறது. துளி பரப்பைத் தொடும் கோணம் பெரிதாக ஆக, துளி உருண்டையாகும். அந்தக் கோணம் தாமரையில் ஏறக்குறைய 160 டிகிரி. மேடு பள்ளம் இல்லாத மழமழப்பான பரப்பில் எந்த ரசாயனத்தைப் பூசினாலும் அது 120ஐத் தாண்டுவதில்லை. புட்டியில் வரும் சிலிகோன், சைலேன் என்ற சிலிக்கன் சார்ந்த பூச்சுகள் பெரும்பாலும் 100, 110 பக்கம் நிற்கும். சரி, கண்ணாடியிலும் மேடுகள் வைத்தால் என்ன? தாமரை அளவு மேடு வைத்தால் வெளிச்சம் சிதறிக் கண்ணாடி பால் போல மங்கிவிடும். வெளிச்சத்துக்குத் தெரியாத அளவுக்கு, 100 நானோமீட்டருக்கும் (ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே, பொடியாக வைத்தால் துடைக்கிற துணியே அதை அழித்துவிடும். இலைக்கு மெழுகு திரும்ப ஊறி வரும். கண்ணாடிக்கு அப்படி எதுவும் இல்லை.

கேள்வி (மஹேபூர்): எங்கள் வீடு கடலைப் பார்த்தது. நீர்விலக்கிப் பூச்சு போட்ட பிறகு ஜன்னலில் முன்பைவிட அதிகமாக வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. நாங்கள் ஏதாவது தவறு செய்துவிட்டோமா?

பதில்: தவறு உங்களுடையது இல்லை அம்மா, இடத்துக்குப் பொருந்தாத பூச்சை வாங்க வைத்திருக்கிறார்கள். தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் உப்புச் சாரல் மிகச் சிறிய துளிகளாக வந்து விழும். 110 டிகிரிப் பரப்பில் பெரிய துளிதான் தன் எடையால் வழிந்து இறங்கும். சின்னத் துளி நின்ற இடத்திலேயே காய்ந்து, தன்னிடம் இருந்த உப்பை ஒரு வட்டமாக விட்டுவிட்டுப் போகும்.

உங்களுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது, தண்ணீரைத் தகடாகப் பரப்பும் கண்ணாடி. பில்கிங்டன் நிறுவனம் 2001இல் கொண்டுவந்த வகையில் 15 நானோமீட்டர் அளவுக்கு டைட்டானியம் டைஆக்ஸைடு படலம் இருக்கிறது, தொழிற்சாலையிலேயே சூட்டோடு சூடாகக் கண்ணாடியில் பதிப்பது. இந்தப் பொருள் வெளிச்சத்தை வாங்கி வேதிவினை நடத்தும் என்பதை ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் எழுதினார்கள். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் படலம் எண்ணெய்ப் பிசுக்கு, பறவை எச்சம் போன்றவற்றை மெல்ல மெல்ல அரித்துத் தளர்த்தும். மழை வந்ததும் தண்ணீர் துளியாக நிற்காமல் ஒரே திரையாக இறங்கி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். உப்பை அந்த வெளிச்சம் ஒன்றும் செய்யாது, அதைக் கரைத்து எடுப்பது தண்ணீர் மட்டுமே.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். அந்த ஜன்னலில் நேராக வெயில் படுகிறதா, மழை அடிக்கிறதா? வராந்தாவுக்குள் ஒதுங்கிய கண்ணாடிக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். மாட்டும் ஆளிடம், ஓரத்தில் வைக்கும் சிலிகோன் பசை கண்ணாடி முகத்தில் படவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பட்ட இடத்தில் தண்ணீர் பரவாது. இப்போதைக்கு வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். காய்ந்த உப்பை மட்டும் துணியால் தேய்த்துவிடாதீர்கள், கீறல் விழக்கூடும்.

கேள்வி (ரோஸ் ஹில்): சாமி விளக்கின் கரி படிந்த கண்ணாடியில் தண்ணீர் தெளித்தேன், துளிகள் உருண்டோடிவிட்டன! கரிக்கும் இந்தக் குணம் உண்டா?

பதில்: உண்டு, அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள். புகைக்கரி என்பது சில பத்து நானோமீட்டர் அளவுள்ள கார்பன் மணிகள் கோத்துக் குவிந்த குவியல். நடுவே முழுக்கக் காற்று, அதனால்தான் தாமரை இலை மாதிரி நடந்துகொள்கிறது. ஆனால் விரல் பட்டால் போய்விடும், கறுப்பும் தெரியும். ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2012இல் இந்தக் கரியையே அச்சாக வைத்துக்கொண்டார்கள். மெழுகுவர்த்திக் கரியின் மேல் சிலிக்காவை (கண்ணாடிக்கு மூலமான பொருள்) படியவிட்டு, 600 டிகிரியில் சுட்டார்கள். கரி எரிந்துபோய், அதன் வடிவம் மட்டும் ஒளி ஊடுருவும் சிலிக்காவாக நின்றது. அதற்கு மேலே சைலேன் ஏற்றியதும் தண்ணீர் மட்டுமல்ல, எண்ணெயும் உருண்டது. படித்த அன்று எனக்கும் ஒரு விளக்கை ஏற்றிப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

கேள்வி (கியூர்பிப்): எங்கள் ஊர்த் தூறலுக்குக் காரின் பார்பிரீஸில் (முன்கண்ணாடியில்) பூச்சு போடலாமா?

பதில்: போடலாம். புட்டிப் பூச்சு முழுப் பயன் தரும் இடம் இதுதான், ஏனென்றால் ஓடும் காரின் காற்று சின்னத் துளியையும் மேலே தள்ளிவிடும். ஆனால் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது துளிகள் அப்படியே நிற்கும், வைப்பரைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

பூசும் விதம் முக்கியம். போர்ட் லூயியில் ஒரு மத்தியான வெயிலில், சூடேறிய கண்ணாடியில் அவசரமாகப் பூசினேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. அன்றிரவு எதிரே வந்த வண்டிகளின் விளக்கொளி கண்ணாடி முழுக்கப் பனி மூட்டம் போலப் பரவ, சாலையோரம் நிறுத்திவிட்டேன். நிழலில், கண்ணாடி ஆறிய பிறகு, பழைய மெழுகையும் பிசுக்கையும் ஆல்கஹாலால் துடைத்து எடுத்துவிட்டுப் பூசுங்கள். கடைசியில் சுத்தமான துணியால் மங்கல் அறவே போகும்வரை தேய்க்க வேண்டும். சில வாரமோ சில மாதமோதான் நிற்கும்.

கேள்வி (அதே ஊர், இன்னொருவர்): கரும்பு வெட்டும் காலத்தில் கூரையில் உள்ள சோலார் தகடுகளில் சாம்பல் படிகிறது. இந்தப் பூச்சு உதவுமா?

பதில்: புட்டிப் பூச்சு வேண்டாம், தகட்டின் உத்தரவாதமே போய்விடக்கூடும். விடியற்காலையில், தகடு சூடேறும் முன், தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கேள்வி (போர்ட் லூயி): குளியலறைக் கண்ணாடிக்கு எது நல்லது? குழந்தைகள் இருக்கிறார்கள்.

பதில்: வெயில் வராத இடம், டைட்டானியம் வகைக்கு அங்கே வேலை இல்லை. சிலிகோன் வகையைத் துணியால் பூசுங்கள், குளித்ததும் ரப்பர் கட்டையால் தண்ணீரை வழித்துவிடுங்கள். மூடிய அறையில் நீர்விலக்கி ஸ்பிரே மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள். அந்தப் பொடித் துளி மூச்சோடு உள்ளே போய் நுரையீரலைப் பாதித்த சம்பவங்கள் உண்டு.

கேள்வி (கத்ர் போர்ன், பள்ளி மாணவி): தாமரையைத் தவிர வேறு செடிகளிடமிருந்தும் கற்றுக்கொண்டிருக்கிறார்களா?

பதில்: கற்றுக்கொண்டிருக்கிறார்கள், கண்ணு. பக்கத்து மடகாஸ்கரிலும் வளரும் குடுவைச் செடியைப் படித்துப் பார். அதன் விளிம்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எறும்பு அந்தத் தண்ணீர்ப் படலத்தில் வழுக்கிக் குடுவைக்குள் விழும். ஹார்வர்டில் ஜோவன்னா ஐசன்பெர்க் குழுவினர் 2011இல் அதைப் பின்பற்றி, நுண்துளைகள் உள்ள பரப்பில் வழுக்கும் திரவத்தை ஊறவைத்தார்கள். தண்ணீர், எண்ணெய், ரத்தம் எதுவும் அதில் நிற்கவில்லை. கீறினாலும் திரவம் ஓடிவந்து கீறலை மூடிக்கொண்டது. அந்தத் திரவம் நாளடைவில் குறைந்துகொண்டே போகிறது, அதை எப்படித் தக்கவைப்பது என்பதில்தான் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.