60 கிலோ கல்லு கட்டினாலும் படகு நிக்காது: நங்கூரம் வாங்கறவங்க கேள்விகளும் பதில்களும்

ஆடி காத்து ஆரம்பிச்சதுல இருந்து வந்த கடிதம்ல பாதிக்கு மேல நங்கூரம் பத்திதான். ஏரி குத்தகைக்காரங்க, மீன் கூண்டுக்கு தீனி போடறவங்க, சும்மா ஆசைக்கு பான்டூன் வாங்கினவங்க எல்லாரும் எழுதியிருக்கீங்க. அதனால இந்த தடவை வேற எதையும் எடுக்கல. கடிதங்களை சுருக்கித்தான் போட்டிருக்கேன்.

கேள்வி: ரெண்டு அலுமினிய குழாய் மேல தளம் போட்ட 22 அடி பான்டூன், மேல தகர கூரை. 40 கிலோ கிரானைட் துண்டை 30 அடி கயித்துல கட்டி இறக்கறோம். தண்ணி ஆழம் 15 அடி. காத்தடிச்சா கல்லும் படகும் சேர்ந்து நகருது. 60 கிலோ கல் போட்டா நிக்குமா? (பென்னாகரம் வாசகர்)

பதில்: நிக்காதுங்க. கொஞ்சம் மெதுவா நகரும், தூக்கறவர் இடுப்பு போகும், அவ்ளோதான். நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கிரானைட் துண்டுக்கு பஞ்சமே இல்ல, அதனாலதான் எல்லாரும் அதையே கட்டறாங்கன்னு புரியுது. ஆனா கரையில 40 கிலோ இருக்கற கிரானைட் தண்ணிக்குள்ள போனா சுமார் 25 கிலோதான். பக்கெட்ல கான்கிரீட் ஊத்தி கட்டறது இன்னும் மோசம், 40க்கு 23தான் மிஞ்சும். அந்த 25 கிலோவும் தரையில சும்மா உக்காந்திருக்கு, எதையும் புடிச்சிக்கல. நல்ல நங்கூரம் ஏர்க்கொழு மாதிரி மண்ணுக்குள்ள இறங்கி நிக்கும், அதுக்கு எடையை விட மூக்கும் கயிறு நீளமும்தான் முக்கியம்.

பான்டூனுக்கு இன்னொரு தொல்லை இருக்கு. தண்ணிக்குள்ள குழாய் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும், மேல இருக்கற தளம், கம்பி வேலி, உங்க தகர கூரை எல்லாமே காத்தை வாங்கற பாய் மாதிரி. அதனால அதே 22 அடி நீளத்துல இருக்கற சாதா படகுக்கு போடறதை விட ஒரு சைஸ் பெருசா போடணும். உங்க தண்ணியில அடியில வண்டலும் மணலும்தான்னா, ரெண்டு தட்டை இறக்கை வெச்ச டான்ஃபோர்த் மாடல் 6ல இருந்து 8 கிலோவுக்குள்ள போதும், உங்க 40 கிலோ கல்லை விட அழுத்தமா புடிக்கும். அடி பாறைன்னா அது வேலைக்கு ஆகாது, நாலு கொக்கி வெச்ச நங்கூரம் வேணும்.

அடுத்தது கயிறு. 15 அடி ஆழம், தண்ணி மட்டத்துல இருந்து கயிறு கட்டற இடம் 2 அடி, மொத்தம் 17. அதை 7ஆல பெருக்குங்க, 119 அடி. நீங்க விட்டிருக்கறது 30! கயிறு குட்டையா இருந்தா படகு ஆடற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நங்கூரத்தை மேல தூக்கும், நீளமா இருந்தாதான் படுத்தவாக்குல இழுத்து மூக்கை இன்னும் உள்ள அழுத்தும். காத்தே இல்லாத நேரம் 5 மடங்கு ஓகே, ராத்திரி விட்டுட்டு போறதுன்னா 10 மடங்கு. மேட்டூர் தண்ணி நிக்கற பக்கம் இருக்கறவங்க இன்னொண்ணு பாக்கணும், முழு மட்டம் 120 அடி, வருஷத்துக்குள்ள எவ்ளோ ஏறும் இறங்கும்னு உங்களுக்கே தெரியும், போன மாசம் அளந்த ஆழத்தை வெச்சு இந்த மாசம் கயிறு விடாதீங்க.

கேள்வி: ஒகேனக்கல் ஆத்துல சின்ன பான்டூன் விட்டு நடுவுல நங்கூரம் போட்டு நிறுத்தலாமா? எந்த மாடல் வாங்கறது?

பதில்: எதையும் வாங்காதீங்க. அது பாறையும் இழுவையும் இருக்கற எடம், பரிசல் ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கே கஷ்டம்.

கேள்வி: ஆன்லைன்ல "25 அடி படகு வரைக்கும் தாங்கும்"னு போட்டு ஒரு நங்கூரம். போட்டோவுல பெருசா இருந்துச்சு. வந்தது மடக்கற கொக்கி, எடை ஒன்றரை கிலோ. திருப்பி எடுக்க மாட்டேங்கறாங்க. என் வீட்டுக்காரர் மீன் புடிச்சுதான் குடும்பம் ஓடுது. (காவேரிப்பட்டணம் வாசகி)

பதில்: உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா, அவங்க எழுதினதை நம்பித்தான் வாங்கினீங்க. அந்த மடக்குக் கொக்கி ஒரு ஆள் துடுப்பு போடற குட்டிப் படகுக்கானது, சேத்துல போட்டா சீப்பு மாதிரி கோடு போட்டுக்கிட்டே வரும். முதல்ல அதை மளிகைக் கடை தராசுல வெச்சு எடை தெரியற மாதிரி போட்டோ எடுங்க. அந்த விளம்பரப் பக்கத்தையும் இன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, நாளைக்கு மாத்திடுவாங்க. அந்த தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு எழுத்துல புகார் அனுப்புங்க, 2020ல வந்த இ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துல வந்து சேர்ந்ததுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு பதிவு பண்ணி நம்பர் வாங்கி வெச்சுக்கோங்க.

அதுக்கும் அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். விக்கறவன் டெல்லியில இருந்தாலும் நீங்க கிருஷ்ணகிரியிலயே கேஸ் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் அதுக்கு இடம் குடுக்குது. பொருளுக்கு குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். "நீங்க தொழிலுக்கு வாங்கினீங்க, நுகர்வோரே இல்ல"ன்னு சொல்லிப் பாப்பாங்க, பயப்படாதீங்க, தானே உழைச்சு பிழைக்கறதுக்கு வாங்கறவரும் நுகர்வோர்தான்னு சட்டத்துலயே இருக்கு. மனுல உங்க வீட்டுக்காரர் தானே படகு ஓட்டி மீன் புடிக்கறார்ங்கறதை முதல் பத்தியிலயே எழுதுங்க.

கேள்வி: பெங்களூர்ல செகண்ட் ஹேண்ட் பான்டூன் வாங்கி மேட்டூர் தண்ணியில விட்டிருக்கேன். மூணாவது நங்கூரமும் அடியில மாட்டி கயித்தை அறுத்துட்டு வந்தேன். வித்தவர்கிட்ட நஷ்டஈடு கேக்கலாமா? (ஓசூர்)

பதில்: எதுக்கு கேப்பீங்க தம்பி? முதல் நங்கூரம் போனப்பவே ஏன் போச்சுன்னு பாத்திருக்க வேணாமா? அந்த தண்ணிக்கு அடியில பழைய ஊரே இருக்கு, மட்டம் இறங்கினா பண்ணவாடி பக்கம் நந்தி சிலையும் சர்ச் கோபுரமும் வெளிய தெரியறது சுத்துப்பட்டு முழுக்க தெரியும். செவுரும் மரக்கட்டையும் இருக்கற எடத்துல நங்கூரம் மாட்டத்தான் செய்யும். நங்கூரத்தோட தலைப்பக்கம், அதாவது இறக்கை சேர்ற எடத்துல தனியா ஒரு மெல்லிசு கயிறு கட்டி, அது நுனியில ஒரு காலி கேன் மிதக்க விடுங்க. மாட்டிக்கிச்சுன்னா அந்த கேனைப் புடிச்சு பின்பக்கமா இழுத்தா கழண்டு வரும். மூணு நங்கூரம் காசுக்கு எவ்ளோ கயிறு வாங்கியிருக்கலாம்னு கணக்கு போட்டுப் பாருங்க.

கேள்வி: மோட்டார் பின்னாடி இருக்கு, நாங்களும் பின்னாடிதான் உக்கார்றோம். நங்கூரத்தையும் பின்னாடியே கட்டிக்கலாமா?

பதில்: கூடாது. மோட்டார் கனத்துல ஏற்கனவே பின்பக்கம் தாழ்ந்திருக்கு, அதுல நங்கூரமும் இழுத்தா அலை தளத்து மேல ஏறும். முன்பக்கம் மட்டும்தான்.

கேள்வி: நைலான் கயிறுன்னு வாங்கினேன், ஒரே வெயில் காலத்துல நார் நாரா போச்சு. என்ன காரணம்? (பாலக்கோடு)

பதில்: நீங்க வாங்கினது நைலானே இல்லைங்க. இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப நாள் கோவம் இருக்கு, கொஞ்சம் நீளமாவே சொல்றேன். நம்ம ஊர் கடைகள்ல பிளாஸ்டிக் கயிறு எல்லாத்துக்கும் "நைலான்"னுதான் பேரு. மஞ்சளா, நீலமா, பச்சையா சுருள் சுருளா தொங்கறதுல பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். மாடு கட்ட, பந்தல் போட அது போதும், நான் அதை குறை சொல்லல. ஆனா படகை நம்பி கட்ட அது ஆகாது. வெயில் பட்டா உளுத்துடும், கையில எடுத்தா வெள்ளையா மாவு மாதிரி ஒட்டும், சிலும்பு குத்தும், நீங்க பாத்தது அதுதான். அதோட அது தண்ணி மேல மிதக்கும், மிதக்கற கயிறு நேரா மோட்டார் விசிறியில போய் சுத்திக்கும். அசல் நைலான் தண்ணியில முழுகும், இழுத்தா ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு குடுக்கும், அந்த நீட்சிதான் அலையோட உதறலை வாங்கிக்கும்.

கடையிலயே சோதிக்கலாம். ஒரு சாண் துண்டு வெட்டித் தரச் சொல்லி, பக்கெட் தண்ணியில போட்டு காத்துக் குமிழி போற மாதிரி நல்லா பிழிஞ்சு விடுங்க. மிதந்துச்சுன்னா நைலான் இல்ல, பேச்சே வேணாம், வெளிய வந்துடுங்க. அதுக்கு கடைக்காரர் கோவப்பட்டா படட்டும். பில்லுல "நைலான், 12 எம்எம், 40 மீட்டர்"னு எழுதி வாங்குங்க, வெறும் "கயிறு"ன்னு எழுதின பில்லு நாளைக்கு எதுக்கும் உதவாது. பில் தர மறுக்கறதே முறையற்ற வணிகம்னு சட்டம் சொல்லுது. பேக்கெட் கயிறா இருந்தா மேல நீளம், விலை, தயாரிச்ச மாசம், தயாரிச்சவர் முகவரி இருக்கணும், வெளிநாட்டு சரக்குன்னா எந்த நாடுன்னும் இருக்கணும். நீளம் குறைஞ்சா தொழிலாளர் துறையோட எடையளவு அதிகாரிங்ககிட்ட புகார் குடுக்கலாம். கயிறுதானேன்னு விடாதீங்க, அந்தக் கயித்தை நம்பி ஆள் இருக்காங்க.

கேள்வி: சங்கிலி கண்டிப்பா வேணுமா? ஷாக்கிள் (நங்கூரத்தையும் சங்கிலியையும் சேர்க்கற, குறுக்க ஆணி போட்ட U வளைவு) எப்படி பாத்து வாங்கறது? (ஊத்தங்கரை)

பதில்: வேணும். குறைஞ்சது 6 அடியாவது நங்கூரத்துக்கும் கயித்துக்கும் நடுவுல இருக்கணும், அதோட கனம்தான் நங்கூரத்தோட தண்டை தரையோட படுக்க வைக்குது, கல்லுல உரசி கயிறு அறுபடாமலும் காக்குது.

இதுல நானே ஏமாந்திருக்கேன். மச்சானும் நானும் ஏரி மீன் குத்தகை எடுத்தப்போ ஒரு ஹார்ட்வேர் கடையில பளபளன்னு சங்கிலியும் ஷாக்கிளும் வாங்கினேன், "கால்வனைஸ்டு சார்"னாங்க. ரெண்டாவது மழைக்காலத்துல ஒரு காலையில கயித்தை இழுத்தா லேசா வருது. மேல வந்தது கயிறும் சங்கிலியும் மட்டும்தான், கடைசி வளையத்துல ஷாக்கிள் வளைவு தொங்குது, ஆணி இருந்த ஓட்டை காலி. சங்கிலி முழுக்க செம்மண் கலர்ல துரு. அன்னைக்கு காத்து இல்ல, படகு கரை ஓரமா ஒதுங்கியிருந்துச்சு, ஆளுங்க உள்ள இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கும் நெனைப்பேன். அதுல கத்துக்கிட்டது ரெண்டு. உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுத்த சங்கிலி பளபளக்காது, மங்கலா சாம்பல் கலர்ல தொட்டா சொரசொரன்னு இருக்கும், அதைத்தான் வாங்கணும். ஷாக்கிள் ஆணியை முறுக்கினதோட விடாம ஆணி காதுல மெல்லிசு கம்பி விட்டு வளைவோட சேத்து கட்டிடணும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் நங்கூரத்தை சுத்தி வீசறார். போன வாரம் கயிறு காலைச் சுத்தி விழப் பாத்தார். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார். (நாகமரை)

பதில்: இந்த பதிலை அவர்கிட்ட படிச்சுக் காட்டுங்க தங்கச்சி. அண்ணே, வீசாதீங்க. வீசினா சங்கிலி நங்கூரத்து மேலயே சுத்திக்கும், அப்புறம் அது புடிக்காது. படகு மூக்கை காத்துக்கு எதிரா திருப்பி முழுசா நிறுத்துங்க, கைப்பிடி கைப்பிடியா இறக்குங்க, அடி தட்டினதும் படகை காத்துலயே பின்னாடி போக விட்டு கயிறு விட்டுக்கிட்டே இருங்க. சுருளுக்குள்ள கால் வைக்காதீங்க, கையில கயித்தை சுத்திக்காதீங்க. நீளம் போனதும் முன்பக்க கட்டையில கட்டி, மோட்டாரை ரிவர்ஸ்ல லேசா விட்டு இழுத்துப் பாருங்க. அப்புறம் கரையில ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா தெரியற ரெண்டு அடையாளம் பாத்து வெச்சுக்கோங்க, ஒரு பனைமரமும் அதுக்குப் பின்னாடி கரண்டு கம்பமும் மாதிரி. கால் மணி கழிச்சு அந்த ரெண்டும் விலகித் தெரிஞ்சா நங்கூரம் நழுவுதுன்னு அர்த்தம், எடுத்து மறுபடி போடணும்.

கேள்வி: நங்கூரம் போட்ட பிறகு லைஃப் ஜாக்கெட்டை கழட்டலாமா?

பதில்: கழட்டக் கூடாது.

கேள்வி: தர்மபுரியில எனக்குத் தெரிஞ்ச வெல்டிங் பட்டறையில நங்கூரம் செஞ்சு தர்றேங்கறாங்க. நம்பலாமா?

பதில்: நல்ல கை இருந்தா தாராளமா. இறக்கைக்கும் தண்டுக்கும் நடுவுல கோணம்தான் உயிர், மணல், கெட்டி மண்ணுக்கு 30ல இருந்து 32 டிகிரி, கொழகொழன்னு சேறுன்னா 45 வரைக்கும். இறக்கை ரெண்டு பக்கமும் சாயற மாதிரி கீல் ஆடணும், இறுகிப் போச்சுன்னா ஒரு பக்கம் விழுந்தா கொத்தவே கொத்தாது. முழு காசையும் முன்னாடியே குடுத்துடாதீங்க. செஞ்சதும் பட்டறை வாசல்லயே ஈர மணல் குவிச்சு, அதுல போட்டு தரையோட தரையா ரெண்டு பேர் கயித்தால இழுங்க. ஒரு முழம் நகர்றதுக்குள்ள இறக்கை உள்ள இறங்கணும், மணலைக் கீறிக்கிட்டே வந்துச்சுன்னா கோணத்தை மாத்தித் தரச் சொல்லிட்டு மீதிக் காசை குடுங்க.