யூ.வி. விளக்கு எரிகிறது, குளம் ஏன் இன்னும் பச்சை?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் சுமார் 6,000 லிட்டர் கொள்ளும் சிமென்ட் குளம் வைத்திருக்கிறேன். எட்டு கோய் மீன்கள் இருக்கின்றன. நாள் முழுக்க வெயில் படும் இடம். ஒரு முழம் ஆழத்தில் கையை விட்டால் விரல் தெரியாத அளவுக்குத் தண்ணீர் பச்சை. குளம் அமைத்துக் கொடுத்தவர் சொன்னபடி 9 வாட் யூ.வி. விளக்கு மாட்டி ஐந்து வாரம் ஆகிறது, ஒரு மாற்றமும் இல்லை. பம்பு மணிக்கு 8,000 லிட்டர் தள்ளும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. இப்போது அவரே இன்னொரு விளக்கும் பாசிக்கொல்லி மருந்தும் வாங்கச் சொல்கிறார். யூ.வி. என்பதே ஏமாற்று வேலையா? மீன்களுக்கு அதனால் ஆபத்து உண்டா? குளத்துச் சுவரிலும் பாசி படிகிறது, அதற்கு என்ன செய்வது?

பதில்: இன்னொரு விளக்கு வாங்குவதை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். பாசிக்கொல்லியை வாங்கவே வேண்டாம்.

யூ.வி. ஏமாற்று இல்லை. பிரான்சின் மார்செய் நகரில் 1910-லேயே குடிநீரைப் புற ஊதா ஒளியால் சுத்தம் செய்து பார்த்துவிட்டார்கள். ஏமாற்று எல்லாம் அதை விற்பவர்களின் வாயில்தான் இருக்கிறது. உங்கள் குளத்தைப் பச்சையாக்குவது தண்ணீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. அது அவ்வளவு பொடி என்பதால் பஞ்சு ஃபில்டரில் நிற்காமல் நழுவிவிடும். தண்ணீர் விளக்கை ஒட்டி ஓடும்போது அந்த ஒளி பாசியின் மரபணுவைச் சிதைக்கிறது. அதன்பின் அது பெருகாது. செத்து, ஒன்றோடொன்று ஒட்டிச் சின்னச் சின்னத் திரளாகச் சேரும். அந்தத் திரளை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். விளக்கு கொல்லும், ஃபில்டர் அள்ளும். உங்கள் கடிதத்தில் ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, அது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஃபில்டர் இல்லாமல் விளக்கு மட்டும் இருந்தால் செத்த பாசி குளத்திலேயே அழுகி, அடுத்த பாசிக்கு உரமாகும். பம்பு, விளக்கு, ஃபில்டர், மறுபடி குளம் என்ற வரிசையில் தண்ணீர் ஓட வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. இதற்குச் செலவே இல்லை, அதனால்தான் யாரும் சொல்வதில்லை. ஒரு கண்ணாடி ஜாடியில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் நிழலில் வையுங்கள். அடியில் வண்டல் படிந்து மேலே தெளிந்தால் அது மண் கலங்கல், அதற்கு யூ.வி. ஒன்றும் செய்யாது. படியாமல் தெளிவாகவே இருந்து, நிறம் மட்டும் பழுப்பாக இருந்தால் இலை, சருகு ஊறிய சாயம், அதற்கும் செய்யாது. மறுநாளும் பச்சையாகவே இருந்தால் மட்டும்தான் விளக்குக்கு வேலை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இந்த மூன்றாவது ரகம் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் ஜாடியை வைத்துப் பாருங்கள்.

சரி, அப்படியானால் ஐந்து வாரமாக அது ஏன் சாகவில்லை? பெரும்பாலும் உங்கள் பம்புதான் காரணம். 9 வாட் விளக்கின் கூட்டுக்குள் மணிக்கு 8,000 லிட்டர் தண்ணீரைத் தள்ளினால், ஒவ்வொரு பாசியும் ஒளியில் நிற்பது கண்ணிமைக்கும் நேரம்தான். லேசாகச் சூடு பட்டது போலத் தப்பிவிடும். அதற்காக மிகவும் மெதுவாக விட்டாலும் தப்பு. நல்ல வெயிலில் ஒரே நாளில் இரட்டிப்பாகும் பாசி இனங்கள் உண்டு, விளக்கு கொல்வதற்குள் குளத்தில் புதிது முளைத்துவிடும். குளத்துத் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விளக்கைக் கடக்கட்டும் என்பது நடைமுறைக் கணக்கு. உங்களுக்கு அது மணிக்கு 3,000 லிட்டர்.

பெட்டியில் போட்டிருக்கும் 8,000-ஐ அப்படியே நம்ப வேண்டாம். உயரமே ஏறாமல், வளைவே இல்லாமல் ஓடினால் வரும் அளவு அது. ஃபில்டரிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் 20 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். நிரம்ப 24 விநாடி ஆனால் மணிக்கு 3,000 லிட்டர். 9 விநாடியில் நிரம்பினால் 8,000. அதிகமாக ஓடினால் பம்பை மாற்ற வேண்டியதில்லை. விளக்குக்கு முன் இரண்டாகப் பிரியும் ‘T’ வடிவக் குழாய் இணைப்பும் வால்வும் போட்டு, ஒரு பங்கை விளக்கு வழியாகவும் மீதியை நேராக ஃபில்டருக்கும் விடலாம். குழாய் வேலை தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார்கள். வால்வு பம்பின் வெளியேறும் பக்கம் இருக்கட்டும், உறிஞ்சும் பக்கம் வேண்டாம்.

அப்புறம், கூட்டுக்குள் பல்பைச் சுற்றி இருக்கும் குவார்ட்ஸ் உறை. சாதாரணக் கண்ணாடி இந்த ஒளியை விடாது என்பதால்தான் குவார்ட்ஸ் போடுகிறார்கள். கடின நீராக இருந்தால் சில வாரங்களிலேயே அதன் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், வழவழப்பும் சேரும். விளக்கு எரியும், ஒளி வெளியே வராது. மின்சாரத்தைப் பிளக்கிலிருந்தே எடுத்துவிட்டு, பம்பை நிறுத்தி, உறையைக் கழற்றி, வினிகரில் ஊற வைத்து மென்மையான துணியால் துடையுங்கள். தேய்க்கும் நார் கூடாது, கீறல் விழும். திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கசிந்தால் தண்ணீர் நேராக மின் இணைப்புக்குள் போகும். இந்த லைனுக்கு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைப் போடுங்கள்.

இனி, விற்பவர்கள் பற்றி. இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. யூ.வி. என்ற பெயரில் ஊதா நிற எல்.இ.டி. பட்டையை அடைத்துக் கொடுக்கும் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பாசியைக் கொல்வது யூ.வி.-சி, அதாவது 254 நானோமீட்டர். பெட்டியில் 395, 405 என்று எண் இருந்தால் அது நகப்பூச்சு காய வைக்கும் விளக்குக்குத் தம்பி. அணைந்திருக்கும்போது பல்பைப் பாருங்கள்: நிஜமான யூ.வி.-சி பல்பின் குழாய் தெளிவாக இருக்கும், உள்ளே வெள்ளைப் பூச்சோ கறுப்புப் பூச்சோ இருக்காது. எரியும்போது கூட்டைத் திறந்து பார்க்கவே கூடாது. அந்த நேரம் ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணலைக் கொட்டியது போல எரியும். வாட் கணக்கிலும் விளையாடுவார்கள். பம்பின் வாட்டையும் கூட்டிப் பெரிதாக அச்சடித்த பெட்டிகள் உண்டு, பல்பின் மேலேயே எழுதியிருக்கும் எண்தான் கணக்கு.

‘10,000 லிட்டர் குளம் வரை’ என்று போடுகிறார்களே, அந்தக் குளத்தில் எத்தனை மீன், எவ்வளவு வெயில் என்று கேட்டால் பதில் இருக்காது. குடிநீருக்கான கருவிகளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் என்று ஒளியின் அளவைச் சொல்லிப் பேசுகிறார்கள். குளத்து விளக்குப் பெட்டியில் அதெல்லாம் கிடையாது, அழகான மீன் படம் இருக்கும். வாங்குபவர் எதை வைத்து ஒப்பிடுவது? இத்தனை வருடமாக நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொரு தந்திரம், வருடாந்திரப் பராமரிப்பு. இந்தப் பல்புகளின் ஆயுள் 8,000 முதல் 9,000 மணி நேரம், அதாவது விடாமல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு வருடம். அதற்குப் பிறகும் நீலமாக எரியும். அந்த நீலம் நம் கண்ணுக்குத் தெரியும் உதிரி ஒளி, பாசியைக் கொல்லும் பகுதி கண்ணுக்குத் தெரியாது, அது முன்னதாகவே தேய்ந்துவிடும். எரிகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் நமக்கு வித்தியாசம் புரியாது. பல்பு மாற்றியதாகச் சொல்லிப் பழையதைத் துடைத்து மாட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இது வசதி. எனக்கே ஒருமுறை நடந்தது. பல்பின் அடிப்பாகத்தில் மார்க்கரால் தேதி எழுதி வையுங்கள், கழற்றிய பல்பைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். உள்ளே கொஞ்சம் பாதரசம் இருக்கும், ஆகவே குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

விளக்கு 24 மணி நேரமும் எரியட்டும். மின்சாரம் மிச்சம் என்று இரவில் மட்டும் போடச் சொல்வார்கள். 9 வாட் விளக்கு ஒரு நாளைக்குக் கால் யூனிட்கூட ஆகாது. ஆனால் அணைத்து வைக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். புதிய ஃபில்டருக்காகப் புட்டியில் வரும் நல்ல பாக்டீரியாவைத் தண்ணீரில் ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முதலில் தண்ணீரில் மிதக்கும். விளக்குக்கு நல்லது கெட்டது தெரியாது, பாசியைப் போலவே அதையும் கொல்லும். காசு கொடுத்து வாங்கி நீங்களே கொன்ற கதைதான். ஊற்றிய பிறகு நாலைந்து நாள் விளக்கு அணைந்திருக்கட்டும், அதற்குள் பாக்டீரியா பஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு விளக்கால் அதைத் தொட முடியாது, ஏனென்றால் அது விளக்குக்குள் வரப்போவதே இல்லை. அதனால் ‘யூ.வி. போட்டால் பயோ ஃபில்டர் செத்துவிடும்’ என்று பழைய ஃபில்டர் வைத்திருப்பவரைப் பயமுறுத்துவது தவறு, புது ஃபில்டர்காரரிடம் இதைச் சொல்லாமல் விடுவதும் தவறு. மீனுக்கு மருந்து போடும் நாட்களிலும் அணையுங்கள், சில மருந்துகள் இந்த ஒளியில் சிதைந்துவிடும். பம்பு நின்றாலும் விளக்கை நிறுத்துங்கள், கூட்டுக்குள் தேங்கிய தண்ணீர் சூடாகிவிடும்.

மீன்களுக்கு விளக்கால் நேரடி ஆபத்து இல்லை. ஒளி கூட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, தண்ணீரில் எதையும் விட்டுவைப்பதும் இல்லை. ஆபத்து பாசி மொத்தமாகச் சாகும்போதுதான். அழுகும் பாசி தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும். பாசிக்கொல்லி வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒரே நாளில் எல்லாவற்றையும் சாகடிக்கும். தாமிரம் கலந்ததாக இருந்தால் மென்னீரில் மீனுக்கே விஷம். தண்ணீர் தெளியும் வரை ஒரு காற்று பம்பு ஓடட்டும், தீனியைப் பாதியாகக் குறையுங்கள். எட்டு கோய் மீன்களின் கழிவும் மிஞ்சும் தீனியும்தான் உங்கள் பாசிக்குச் சாப்பாடு. விளக்கு அந்தச் சாப்பாட்டைக் குறைக்காது.

ஓட்டத்தைச் சரிசெய்து, உறையைத் துடைத்து, ஃபில்டர் பஞ்சை வாரம் ஒருமுறை குளத்துத் தண்ணீரிலேயே அலசி, இரண்டு வாரம் பாருங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் பாக்டீரியா போய்விடும். அதன் பிறகும் பச்சை குறையாவிட்டால், உங்கள் ஆள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்று அர்த்தம். முழு வெயில், எட்டு கோய் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 3 வாட் போடுவேன். அதாவது உங்களுக்கு 18 வாட். இன்னொரு 9 வாட்டை அதோடு வரிசையாகச் சேர்த்தாலும் சரி, ஒரே 18 வாட்டாக மாற்றினாலும் சரி. எதை வாங்கினாலும், அதே அளவு, அதே பின் வைத்த பல்பு அடுத்த வருடமும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பூனைக்கு மணி கட்டுவது போல, அந்தக் கேள்வியை மட்டும் கடையில் யாரும் கேட்பதில்லை.

சுவரில் படியும் பாசி வேறு. அது விளக்குக்குள் போகாது, அதனால் எத்தனை வாட் போட்டாலும் சாகாது. மெல்லிய பச்சைப் படலமாக இருந்தால் அப்படியே விடுங்கள், தண்ணீரிலுள்ள சத்தை அது கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், மீன்களும் மேயும். நீள நூலாக வளர்ந்தால் ஒரு குச்சியில் சுற்றி இழுத்து எடுத்துச் செடிக்கு உரமாகப் போடுங்கள். தண்ணீர் தெளிந்த பிறகு வெயில் அடிவரை போவதால் இந்த நூல்பாசி முன்பைவிட அதிகமாகவே வரலாம். அப்போது அதற்கும் ஒரு மருந்து இருக்கிறது என்று உங்கள் ஆள் வருவார்.