ஊட்டியில் "இருண்ட வரலாறு" நடை: காசு கொடுத்துப் போகலாமா?

கேள்வி: ஊட்டியில் வழிகாட்டியோடு நடந்தே சுற்றும் "இருண்ட வரலாறு" டூர் விளம்பரம் ஒன்று பார்த்தேன். உண்மையிலேயே பார்க்க ஏதாவது இருக்கிறதா, இல்லை பேய்க்கதை சொல்லி அனுப்பிவிடுவார்களா?

தாராளமாகப் போகலாம். பணம் கட்டுவதற்கு முன்னால் வழிகாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சீனக் கைதிகளைப் பற்றிச் சொல்வீர்களா?" அவர் முழித்தால் அந்தக் காசுக்கு வர்க்கி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் ஊட்டியில் பிறந்து வளர்ந்தவன். போன சீசனில் சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்திருந்தான்; அவன் கட்டாயத்துக்காக இப்படி ஒரு நடையில் நானும் சேர்ந்துகொண்டேன். தம்பி ஒருவர்தான் வழிகாட்டி. பேச்சு நன்றாக இருந்தது. ஆனால் கல்லறைக்குள் போனதும் "வெள்ளைப் புடவை" பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார். வெள்ளைக்காரன் கல்லறையில் வெள்ளைப் புடவை எப்படி வந்தது என்று எங்கள் அண்ணி கேட்டதற்குப் பதில் இல்லை.

அந்தக் கல்லறை செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிறது. பேயை விட்டுவிட்டு முதலில் சர்ச்சுக்குள் போய் மேலே பாருங்கள். 1830ல் அர்ப்பணிக்கப்பட்ட கட்டடம் அது. அதன் பெரிய உத்தரங்களும் மற்ற மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. 1799ல் திப்பு விழுந்தார். அவர் வீட்டு மரம் மலையேறி வந்து சர்ச்சுக் கூரையைத் தாங்கி நிற்கிறது. ரயிலும் லாரியும் இல்லாத காலத்தில், இந்தக் கனமுள்ள தேக்கு மைசூர்ப் பக்கத்திலிருந்து எப்படி மேலே வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இழுத்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. சர்ச்சுக்கு அடிக்கல் நாட்டிய கவர்னர் லஷிங்டன் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கல்லறையில் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்து இந்த ஊரை உருவாக்கியவர் அவர். அவர் கட்டிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அந்த இடத்தை இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களிடம் ஏக்கர் 1 ரூபாய்க்கு வாங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சல்லிவனை வில்லனாக்கிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் இந்த மலை தோடர்களுடையது, அவர்களுக்கு உரிமை உண்டு என்று தன் அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துச் சொல்கிற வழிகாட்டி கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பொட்டானிக்கல் கார்டனில் எல்லோரும் புல்வெளியில் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேலே ஏறினால் தோடர்களின் குடியிருப்பான மந்து ஒன்று இருக்கிறது. எருமை மேய்ந்த புல்வெளிக்கு நடுவில் ஊர் வந்தது என்பது அங்கே நின்றால் தானாகப் புரியும். பக்கத்திலேயே கவர்னர் மாளிகை. அதைக் கட்டியவர் பக்கிங்ஹாம் பிரபு. சென்னையில் கால்வாய்க்குப் பெயராக இருக்கும் அதே ஆள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கீழே சமவெளியில் ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தபோது மதராஸ் கவர்னர் அவர்தான். கோடைக்கு அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு மேலே வந்துவிடும் பழக்கம் இருந்த காலம் அது. நான் போன நடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அந்த வாசலைக் கடக்கும்போது தம்பி டீ குடிக்க எங்கே நிறுத்தலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, பிரீக்ஸ் ஸ்கூல். நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் நினைவாக வந்த பெயர். அவர் மலை உச்சிகளில் இருந்த பழங்காலக் கல்வட்டங்களைத் தோண்டி உள்ளே இருந்த பானை, வெண்கலக் கிண்ணம் எல்லாவற்றையும் எடுத்தார். அவர் சேர்த்ததில் பெரும்பகுதி சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போனது. அதில் சில பானைகளின் மூடி மேல் சின்னதாக ஒரு எருமை நிற்கும், கொம்பு வளைந்து, கை விரல் அளவுக்கு. யாரோ செத்தவருக்காகச் செய்து வைத்தது. கல்லறைக் கதை வேண்டுமென்றால் இதைவிட என்ன வேண்டும்?

சரி, சீனக் கைதிகள். மலாக்கா, சிங்கப்பூர்ப் பக்கம் ஜெயிலில் இடம் போதாமல் சீனக் கைதிகளை மதராஸுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரிக்கு வந்தார்கள். மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவுக்காக 1860 வாக்கில் இங்கே சிங்கோனா நட ஆரம்பித்தார்கள். நடுவட்டம் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் இந்தக் கைதிகளும் உண்டு. லவ்டேலில் லாரன்ஸ் ஸ்கூல் கட்டடம் எழும்பியதிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அந்த வேலை நடக்கும்போது ஒரு மழைக்கால ராத்திரி பன்னிரண்டு பேர் தப்பித்துவிட்டார்கள். தேடிப்போன போலீஸ் பார்ட்டிகளில் ஒன்று திரும்பவில்லை. கைதிகள் பிறகு மலபாரில் பிடிபட்டபோது அவர்களிடம் போலீஸ் ஆயுதங்கள் இருந்தன. காணாமல் போன நான்கு போலீஸ்காரர்களும் சிஸ்பாரா பாதையில், இன்றைய சைலன்ட் வேலிப் பக்கம் இறங்கும் காட்டில் கிடைத்தார்கள். உடல்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டு, வெட்டிய தலைகள் அவரவர் தோள் மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. இது டீக்கடைக் கதை அல்ல. 1908ல் வந்த அரசாங்க நீலகிரி கெசட்டியரிலேயே இருக்கிறது.

எனக்கு இதற்கு அப்புறம் வருவதுதான் முக்கியம். விடுதலையான சில சீனர்கள் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் தங்கி, தமிழ்ப் பெண்களைக் கல்யாணம் செய்து, காய்கறி போட்டு, காப்பி வளர்த்துப் பிழைத்தார்கள். சென்னை மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். பார்த்தார் என்றால், அந்தக் கால வழக்கப்படி மண்டையையும் மூக்கையும் அளந்து பார்த்தார். நடுவட்டத்தில் பழைய ஜெயில் கட்டடம் இன்றும் இருக்கிறது. நடந்து போகிற தூரமில்லை, கூடலூர் பஸ் ஏறவேண்டும்.

என் பெரிய குறை, இந்த நடைகள் எல்லாம் 1947ல் நின்றுவிடுகின்றன. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களுக்காகத்தான் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள், இன்றைய டான்டீ, வந்தன. எங்கள் தாத்தாவும் அப்பாயியும் அப்படி வந்தவர்கள்தான். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் கேம்பில் இருந்து, கடைசியில் மறுபடியும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயன் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். பிறந்த நாட்டில் "இந்தியாக்காரன்", இங்கே வந்தால் "சிலோன்காரன்". தாத்தா கடைசி வரை டீத்தூளை முகர்ந்து பார்த்து "நுவரெலியா மாதிரி வராது" என்பார். எங்கள் தெருவுக்கு எந்த டூரும் வருவதில்லை. வந்தால் அப்பாயியே சொல்லியிருப்பார், டீயும் போட்டுக் கொடுத்து.

போவதென்றால் காலையில் போங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் கல்லறையில் எழுத்து எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் சர்ச்சுக்குள் கூட்டமாக நுழையாதீர்கள். மந்தில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், கேட்காமல் போட்டோ எடுக்கவேண்டாம். கல்லறை மேட்டில் பாசி வழுக்கும், நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மே மாதம் மட்டும் வேண்டாம், சீசன் கூட்டத்தில் சேரிங் கிராஸ் சந்திப்பைத் தாண்டுவதற்குள் நடைக்கான நேரம் முழுவதும் தீர்ந்துவிடும்.