உபவாசம்: முடிக்கவும் தெரிய வேண்டும்

கே: ஐந்து நாள் தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம் இருந்தேன். முடித்த அன்றே வயிறாரச் சாப்பிட்டேன். மறுநாள் கால் வீங்கி, நெஞ்சு படபடத்தது. எதனால்?

ப: முதலில் மருத்துவரிடம் போய் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் அளவுகளைப் பாருங்கள், இன்றே போங்கள். கொழுப்பை எரித்தே நாள்களைக் கடத்திய உடலுக்குள் திடீரென மாவுச்சத்து நுழைந்தால் இன்சுலின் எகிறும். அது அந்த உப்புகளை இரத்தத்திலிருந்து செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயத் துடிப்பு தடுமாறும். அதே இன்சுலின் சிறுநீரகத்தில் சோடியத்தைத் தேக்குவதால் கால் வீங்கும். இரண்டாம் உலகப் போரில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட கைதிகளில் சிலர் உணவு கிடைத்த பிறகு இறந்துபோனார்கள். உபவாசம் இருக்கத் தெரிந்த பலருக்கு அதை முடிக்கத் தெரியவில்லை என்பது என் நெடுநாள் கவலை. ஐந்து நாள் இருந்தால், அதை முடிக்கவே இரண்டு மூன்று நாள் ஒதுக்க வேண்டும். முதலில் நீர் கலந்த பழச்சாறு, சிறிது பழம், அப்புறம் வேகவைத்த காய்கறி, கடைசியில்தான் தானியம். அடுத்த முறை மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தொடங்காதீர்கள்.

கே: நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வாரம் ஒரு நாள் உபவாசம் இருக்கலாமா?

ப: எந்த மாத்திரை என்று எழுதவில்லையே! கிளிமிபிரைடு போன்றவை, நீங்கள் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம். டாபாகிளிஃப்ளோசின் வகையில், சர்க்கரை அளவு ஏறக்குறைய சரியாகத் தெரியும்போதே கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் ஏறக்கூடும். மருந்து எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் ஒரு வேளைகூடத் தவிர்க்காதீர்கள். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், எடை குறைந்தவர்கள் ஆகியோருக்கு உபவாசச் சிகிச்சையே வேண்டாம்.

கே: முடக்குவாதத்துக்கு உபவாசம் உண்மையிலேயே உதவுமா?

ப: உதவலாம், ஒரு நிபந்தனையுடன். 1991இல் வெளியான நார்வே ஆய்வில் நோயாளிகள் 7 முதல் 10 நாள் உபவாசம் இருந்து, பிறகு ஓராண்டு சைவ உணவு முறையைப் பின்பற்றினார்கள். வலியும் வீக்கமும் குறைந்தன. ஆண்டு முடிவிலும் அந்தப் பலன் நீடித்தது. பழைய உணவுக்கே திரும்புகிறவர்களுக்கு வலியும் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. உணவை மாற்ற மனம் ஒப்பினால் மட்டும் இறங்குங்கள். வாத மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கே: முதல் நாள் தலைவலி, நச்சு வெளியேறும் அறிகுறியா?

ப: இல்லை. பெரும்பாலும் காபி, தேநீர் திடீரென நின்றதால் வருவது. ஒரு வாரம் முன்பிருந்தே சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள்.