மோனோரெப்போவில் எடிட்டர் சரி என்கிறது, நோட் மட்டும் மாடியூல் இல்லை என்கிறதே, ஏன்?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: சோழிங்கநல்லூரில் சின்ன டீம். ரியாக்ட் ஃப்ரன்ட்எண்ட், நோட்டில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்) ஓடும் ஏபிஐ, இரண்டுக்கும் பொதுவான ஷேர்டு பேக்கேஜ், எல்லாம் ஒரே ரெப்போவில் (அதுதான் மோனோரெப்போ), பிஎன்பிஎம் என்ற பேக்கேஜ் மேனேஜரின் வொர்க்ஸ்பேஸாக. டைப்ஸ்கிரிப்டின் அமைப்புக் கோப்பான டிஎஸ்கான்ஃபிக்கில் பாத்ஸ் (இம்போர்ட் பெயர் எந்தக் கோப்பைக் குறிக்கிறது என்று சொல்லும் அமைப்பு) போட்டதும் எடிட்டரில் சிவப்புக் கோடு மறைந்தது, டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரான டிஎஸ்சியும் பிழை காட்டவில்லை. ஆனால் ஏபிஐயை ஓட்டினால் ஷேர்டைக் காணோம் என்று நோட் நின்றுவிடுகிறது.

அந்த பாத்ஸை எடுத்துவிடுங்கள். பிரச்சினையே அதுதான்.

சென்னையில் பல தெருக்களில் வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. நீங்கள் பழைய எண்ணைத் தபால்காரரிடம் மட்டும் சொல்லிவைத்தால், கூரியர்காரர் தெருவில் சுற்றிக்கொண்டுதான் இருப்பார். பாத்ஸ் என்பது டைப்ஸ்கிரிப்டிடம் மட்டும் சொன்ன முகவரி. டைப்ஸ்கிரிப்ட் அதைப் படித்து டைப்பைச் சரிபார்க்கும்; ஆனால் வெளிவரும் ஜாவாஸ்கிரிப்டில் இம்போர்ட் வரியை நீங்கள் எழுதியபடியே விட்டுவிடும். நோட்டுக்கு டிஎஸ்கான்ஃபிக் என்ற கோப்பு இருப்பதே தெரியாது. உங்கள் ஃப்ரன்ட்எண்ட் மட்டும் ஓடுகிறது என்றால், ஃப்ரன்ட்எண்டைக் கட்டும் கருவியான வீட்டின் (Vite) கான்ஃபிக்கில் யாரோ அதே அலியாஸை, அதாவது மாற்றுப்பெயரை, தனியாகப் போட்டிருக்கலாம்.

டைப்ஸ்கிரிப்ட், நோட், வீட் (Vite) மூன்று பேரும் படிக்கும் கோப்பு ஒன்றுதான், பேக்கேஜ் ஜேசன். உண்மையை அங்கே எழுதுங்கள். ஷேர்டுக்கு ஒரு பெயர் கொடுத்து, ஏபிஐயின் டிபென்டென்சியில் அந்தப் பெயரை வொர்க்ஸ்பேஸ் என்ற முன்னொட்டோடு சேருங்கள். பிஎன்பிஎம் அதற்கு நோட் மாடியூல்ஸ் ஃபோல்டரில் ஒரு சிம்லிங்க் (ஷேர்டு ஃபோல்டரைக் காட்டும் குறுக்குவழி) போடும். டிபென்டென்சியில் எழுதாவிட்டால் லிங்க்கும் வராது. இந்தக் கண்டிப்பு நல்லதுதான். அப்புறம் ஷேர்டின் பேக்கேஜ் ஜேசனில் எக்ஸ்போர்ட்ஸ் (யார் இம்போர்ட் செய்தால் எந்தக் கோப்பைத் தருவது என்ற பட்டியல்) எழுதுங்கள். அதில் கண்டிஷன்கள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், முதலில் பொருந்துவதே எடுக்கப்படும். அதனால் டைப்ஸ் முதலிலும் டீஃபால்ட் கடைசியிலும் இருக்க வேண்டும்.

"பில்ட் பண்ணாமலே எடிட்டரில் டெஃபினிஷனுக்குத் தாவத்தான் பாத்ஸ் போட்டோம்" என்று உங்கள் டீமில் ஒருவர் சொல்வார். நியாயமான தேவை. அதற்கு ப்ராஜெக்ட் ரெஃபரன்ஸ் (ஒரு டிஎஸ்கான்ஃபிக் இன்னொன்றைச் சார்ந்திருப்பதாகக் காட்டும் வசதி) இருக்கிறது. 2018இல் டைப்ஸ்கிரிப்ட் 3.0 பதிப்பில் வந்தது. ஷேர்டில் காம்போசிட்டை ட்ரூ ஆக்கி, ஏபிஐயின் ரெஃபரன்ஸில் அதைக் காட்டினால், 3.7 முதல் எடிட்டர் டிஸ்ட்டை (பில்ட் செய்த கோப்புகள் விழும் ஃபோல்டர்) எதிர்பார்க்காமல் நேராக சோர்ஸையே படிக்கிறது. ஆனால் பில்டுக்கு டிஎஸ்சியை பில்ட் ஃபிளாகோடு ஓட்ட வேண்டும். வெறும் டிஎஸ்சி, ரெஃபரன்ஸில் உள்ள பேக்கேஜைக் கட்டித் தராது.

அடுத்தது மாடியூல் ரெசல்யூஷன், அதாவது இம்போர்ட் பெயரை வைத்து டைப்ஸ்கிரிப்ட் கோப்பைத் தேடும் முறை. ஏபிஐக்கும் ஷேர்டுக்கும் நோட்நெக்ஸ்ட், ஃப்ரன்ட்எண்டுக்கு மட்டும் பண்ட்லர். ஷேர்டுக்கு ஏன் கண்டிப்பானது என்றால், நோட்நெக்ஸ்டில் தேறிய கோடு பொதுவாக வீட் (Vite) கருவியிலும் ஓடும். தலைகீழாக அப்படிச் சொல்ல முடியாது. பண்ட்லர் அமைப்பு, கோப்பின் எக்ஸ்டென்ஷன் இல்லாத இம்போர்ட்டை ஏற்றுக்கொள்ளும். நோட்டின் இஎஸ் மாடியூல் ஏற்காது. எடிட்டர் அமைதியாக இருந்து நோட் மட்டும் கத்துவதற்கு இது இரண்டாவது பெரிய காரணம். டிஎஸ் கோப்பை இம்போர்ட் செய்யும்போது ஜேஎஸ் என்று எழுதச் சொல்வது பலருக்கு எரிச்சல் தரும். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது, ஓடப்போவது அந்த ஜேஎஸ் கோப்புதான். பிடிக்காவிட்டால், 5.7இல் ரிலேட்டிவ் இம்போர்ட்டின் எக்ஸ்டென்ஷனை மாற்றித் தரும் அமைப்பு வந்திருக்கிறது. பாத்ஸ் அலியாஸை அதுவும் தொடாது.

எல்லா பேக்கேஜும் எக்ஸ்டெண்ட் செய்யும் பொது பேஸ் கான்ஃபிக் வைத்திருந்தால், அவுட்டிர்ரை (வெளியீடு போகும் ஃபோல்டரைச் சொல்லும் அமைப்பு) அதில் எழுதாதீர்கள். எக்ஸ்டெண்ட் செய்யும்போது, ஒரு பாதை எந்தக் கோப்பில் எழுதப்பட்டதோ அந்தக் கோப்பை வைத்துத்தான் கணக்கிடப்படும். எல்லா பேக்கேஜும் ஒரே டிஸ்ட்டில் போய் விழும். 5.5 முதல் கான்ஃபிக்டிர் என்ற மாறி இதற்கென்றே இருக்கிறது. ரெஃபரன்ஸ் மட்டும் எக்ஸ்டெண்டில் வராது, ஒவ்வொரு பேக்கேஜிலும் தனியாக எழுத வேண்டும்.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் மாட்டுவீர்கள். ரூட்டிர் (மூலக் கோப்புகளின் ஃபோல்டர்) சோர்ஸ், அவுட்டிர் டிஸ்ட் என்று வைத்தால், முந்தைய பில்டின் நிலையைக் குறித்துவைக்கும் டிஎஸ்பில்ட்இன்ஃபோ கோப்பு டிஸ்ட்டுக்குள் போகாமல் அதற்கு வெளியே, டிஎஸ்கான்ஃபிக் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். டிஸ்ட்டை மட்டும் அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்தால், அந்தக் கோப்பைப் பார்த்து "எதுவும் மாறவில்லை" என்று டிஎஸ்சி வெற்றிகரமாக முடித்துவிடும். பிழையும் இருக்காது, டிஸ்ட்டும் இருக்காது. பெருங்குடியில் எங்கள் டீமுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இதில் அரை நாள் தொலைப்பதைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். டிஎஸ்பில்ட்இன்ஃபோஃபைல் அமைப்பில் அதன் இடத்தை டிஸ்ட்டுக்குள் எழுதிவிட்டால், டிஸ்ட்டை அழிக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

இவ்வளவும் செய்து இன்னும் சிக்கினால், யூகிக்க வேண்டாம். ஏபிஐ ஃபோல்டரில் டிஎஸ்சியை ட்ரேஸ்ரெசல்யூஷன் ஃபிளாகோடு ஓட்டி, ஷேர்டின் பெயரைத் தேடுங்கள். எந்தெந்தக் கோப்பைத் தேடியது, எதை எடுத்தது என்று வரிவரியாகச் சொல்லும். அந்தப் பகுதியையும் ஷேர்டின் பேக்கேஜ் ஜேசனையும் இங்கே கமென்ட்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.